மொட்டைமாடிக் குரல்கள்

மயிலாப்பூர் குளக்கரைப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் மேகலாவுக்கு வேலை. நொச்சிக்குப்பத்தில் பிறந்தவள்; அம்மா மீன் கூடை சுமந்து படிக்கவைத்தாள். கணவன் டில்லிபாபு இன்றைக்கும் கடலுக்குப் போகிறவன். தனக்கு நன்றாக வாசிக்க வரும் என்பது மேகலாவுக்கே தெரியாது. ஸ்ரீநாத் கடைக்கு வந்த அன்றுதான் தெரிந்தது.

சிந்தாதிரிப்பேட்டைக்காரன் அவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. பட்டப்படிப்பை முடித்துவிட்டு அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு பழைய வரலாற்றுப் புத்தகம். ஸ்கேன் செய்துவிட்டால் போனே படித்துச் சொல்லிவிடும் என்று நம்பி வந்திருந்தான். அச்சு மங்கிக் கிடந்ததால் போன் வாய்க்கு வந்ததை உளறியது.

"நீங்க ஒரு பக்கம் படிங்கக்கா. நான் ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்றான்.

கடையில் கூட்டமில்லை. ஒரு பக்கம் என்று தொடங்கியது ஒரு பாடமாக முடிந்தது. மறுநாள் சாப்பாட்டு வேளையிலும் படித்தாள். பிறகு புத்தகங்கள் வீட்டுக்கே வந்துவிட்டன. தொண்டை கட்டிக்கொண்டபோதுதான், தனியாளாக இது ஆகாது என்று புரிந்தது. குடியிருப்புப் பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். ஏழாவது படிக்கும் மகள் ஜானுவும் வந்தாள்.

"படிச்சா இன்னா குடுப்ப, ஆன்ட்டி?" பக்கத்து வீட்டு ஜெனிதா கேட்டாள்.

"ஒண்ணும் கிடையாது. நீ படிக்கிறத ஒருத்தர் கேட்டுக்கினு பரீட்சை எழுதுவாரு. அவ்ளோதான்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் இறங்கிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் தங்கினார்கள். மேகலாவின் போனில் தம் குரலையே கேட்டுப் பார்ப்பது முதலில் விளையாட்டாக இருந்தது. கீழே தண்ணீர் லாரி வந்தால் நிறுத்துவார்கள். காக்கை கத்தினால் சிரிப்பார்கள். ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவார்கள்; பதிவுகளை மேகலா ஸ்ரீநாத்துக்கு அனுப்பிவிடுவாள்.

ஒருநாள் ஸ்ரீநாத்திடமிருந்து போன் வந்தது. "அக்கா, மூணாவது பாடத்துல நடுவுல ஏதோ விட்டுப்போயிருக்கு. மாதிரித் தேர்வுல அதுலேருந்துதான் கேட்டாங்க. என்னால எழுத முடியல."

அது ஜானு படித்த பாடம்.

"பெட்டி போட்டு சின்னச் சின்ன எழுத்தா இருந்துச்சும்மா. வுட்டுட்டேன். சும்மாதானே படிக்கிறோம்?" என்றாள் ஜானு.

'சும்மாதானே' என்ற சொல் மேகலாவைச் சுருக்கென்று தைத்தது. அதட்டத்தான் நினைத்தாள். அதட்டினால் இவள் பயந்துகொண்டு படிப்பாளே தவிர வேறொன்றும் நடக்காது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, மகளைப் பஸ்ஸில் ஏற்றிச் சிந்தாதிரிப்பேட்டைக்கு அழைத்துப் போனாள்.

கூவத்தை ஒட்டிய சந்தில் ஒற்றை அறை வீடு. வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. வேகத்தைக் கூட்டி ஓடவிட்டிருந்தாலும் அது ஜானுவின் குரல்தான். ஜானு அப்படியே நின்றுவிட்டாள்.

கதவைத் திறந்தது ஸ்ரீநாத்தின் அம்மா. "நீதான் ஜானுவா? வா கண்ணு. இந்த வீட்ல காலைல முதல்ல கேக்கறதே உன் குரலத்தான்."

ஸ்ரீநாத் போனை நிறுத்தினான். "அடுத்து நீ தும்முவ. தும்மிட்டு 'சாரிண்ணா'ன்னு சொல்லுவ. எத்தன தடவ கேட்டாலும் அந்த எடத்துல எனக்குச் சிரிப்பு வந்துரும்."

ஜானு சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

"அண்ணா, அந்த மூணாவது பாடத்துல விட்டது நான்தான்" என்றாள் ஜானு. "சின்ன எழுத்தா இருந்துச்சுன்னு விட்டுட்டேன்."

"குரல் தெரியாதா எனக்கு? சரி, மறுபடி படிச்சுத் தரியா?"

"இப்பவே படிக்கிறேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தாள். பெட்டிச் செய்திகளைப் படித்தாள். யாரும் கேட்காமலே, படங்களில் என்ன இருக்கிறது என்றும் விவரித்துச் சொன்னாள். "ஒரு கப்பல் கீது. பாய் கிழிஞ்சிருக்கு. கரையில நாலஞ்சு பேர் நிக்கிறாங்க." கடல் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கப்பலை விவரிக்கச் சொல்லியா தர வேண்டும்? ஸ்ரீநாத் முகத்தை அவள் பக்கம் திருப்பி அசையாமல் கேட்டான். மேகலாவுக்குக் கண் கலங்கியது. மகளைத் திட்டாமல் விட்டோமே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜானு சொன்னாள்: "அவரு அத்தன தடவ கேட்டுக்கினு கீறாருன்னு எனக்குத் தெரியவே தெரியாதும்மா."

அதன்பின் மாடியில் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். ஒருவர் படிக்க, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மேகலா சொல்லித் தந்ததல்ல அது. இறங்கிப் போன இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

ஸ்ரீநாத் தேறினான். சேப்பாக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேதி சொல்ல அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தான். பிள்ளைகள் வேண்டுமென்றே மூச்சுக் காட்டாமல் நின்றார்கள்.

"யாரும் பேசலன்னா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஜெனிதாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஜெனிதா. ஷாஜகானை சாஜகான்னு படிச்சது நீதானே?" என்றான். அவ்வளவுதான், மாடியே அமர்க்களப்பட்டது. ஆளாளுக்கு ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார்கள். ஒருவர் பெயரைக்கூட அவன் தப்பவிடவில்லை.

கடலிலிருந்து திரும்பிய டில்லிபாபு படியில் நின்று, "மாடியில இன்னா கூட்டம்?" என்று கேட்டான்.

மேகலா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழ்வீட்டுக்காரர்கள் காதிலும் விழும்படி சொன்னாள்: "நம்ம பசங்க படிச்சதக் கேட்டு ஒருத்தர் கவர்மென்ட் வேலைக்குப் போறாருய்யா. மேல வந்து பாரு."