மூடிமேல் உட்கார்ந்த பகல்

போன வாரம் தி.நகரில் ஒரு பலகாரக் கடை வாசலில் வெல்லப் பாகு கொதித்துக்கொண்டிருந்தது. உங்களுக்கு அந்த வாசனையில் பொங்கல் ஞாபகம் வரும். எனக்குக் கழிவுநீர்த் தொட்டிதான் வந்தது. சிரிக்காதீர்கள். டிப்ளமோ முடித்து நான் பார்த்த முதல் வேலை, அடையாற்றில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைக்கடியில் கழிவுநீரைச் சுத்திகரிப்பது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான். பையன் தண்ணி இன்ஜினியர் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். எந்தத் தண்ணீர் என்று நானும் சொல்லவில்லை.

வெல்லம் எதற்கு என்றால், கழிவைத் தின்பவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். புதுத் தொட்டியில் அவற்றை வளர்க்கச் சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றுவோம். மயிலாப்பூர் மாட்டுக்காரரிடம் வாளியில் சாணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினால் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பிறகு ஓயாமல் காற்றடிக்க வேண்டும். காற்று நின்றால் அவை செத்துவிடும். உயிரோடு இருக்கும் தொட்டி நாறாது, மழை பெய்த மண்போல மணக்கும். பம்ப் மெக்கானிக் காதர் பாய் மோந்துபார்த்தே சொல்லிவிடுவார்: "இன்னிக்கு உன் புள்ளைங்க நல்லா துன்னுதுங்க நைனா."

குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. காற்று மிஷின் சத்தம் நாதஸ்வரத்துக்கு இடைஞ்சலாம். எங்கள் இருவருக்கும் இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு மிஷினை நிறுத்திவிட்டார். படித்தவர். நான்தான் அசடு, நல்ல மனசு என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனேன். திரும்பி வந்தால் தொட்டி கறுத்துக் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம். அடியில் காற்றுக்குழாய்களெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன.

மூக்கில் கைக்குட்டையோடு வந்த செயலாளர், காதர் பாயை உள்ளே இறங்கி அடைப்பை எடுக்கச் சொன்னார். அந்த வாயு இரண்டு மூச்சில் ஆளைக் கொல்லும், ஆளை இறக்குவதே சட்டப்படி குற்றம், லாரி வைத்து உறிஞ்சிக் காலிசெய்ய வேண்டும் என்று நான் பாடப்புத்தகம் மாதிரிச் சொன்னேன். கழிவுநீர் லாரி வாசலில் நின்றால், இன்னும் தங்கியிருக்கும் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார் அவர்.

காதர் பாய் சட்டையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். நான் போய்த் தொட்டியின் மூடிமேல் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏந்திரி நைனா. நீ குந்திக்கினா ஆச்சா? எனக்கு வேல வோணும்."

"உசுரு வோணாமா பாய்?"

அவர் சட்டையை ஓர் உதறு உதறினார். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நாலு எழுத்து படிச்சா இப்படித்தான் திமிர் வருது" என்றார் செயலாளர். அவர் மகளும் படித்தவள்தான். அவளுக்கு வந்தால் அதற்குப் பெயர் தன்னம்பிக்கை.

மறுநாள் காலை நாங்கள் போவதற்குள் கான்ட்ராக்டர் மூலம் வேறு இரண்டு பேரை இறக்கி ஏற்றியிருந்தார். இடுப்பில் ஒரு கயிறு, அவ்வளவுதான். ஒருவர் சுவரோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்குக் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது.

"பாத்தியா, ஒண்ணும் ஆகலியே" என்றார் செயலாளர்.

செத்தால்தான் ஏதோ ஆனதாக அர்த்தமா? அன்றே கேட்டிருக்க வேண்டும். எங்கள் இருவரையும் அன்று மாலையே நிறுத்திவிட்டார்.

காதர் பாய் இப்போது வேளச்சேரியில் வேறொரு குடியிருப்பில் இருக்கிறார். அவர்தான் சொன்னார், அந்தத் தொட்டியே இன்று இல்லையாம். அதைத் தூர்த்து மேலே டைல்ஸ் ஒட்டி டேபிள் டென்னிஸ் மேசை போட்டிருக்கிறார்களாம். கழிவு மழைநீர்க் கால்வாயில் விழுந்து நேரே ஆற்றுக்குப் போகிறதாம். நான் தினமும் எழுதிய பதிவேடும் பழைய பேப்பரோடு போயிருக்கும். அதில் நுரையின் நிறம்கூட இருந்தது. இறங்கிய இருவரின் பெயர் இல்லை. நான் கேட்கவேயில்லை.