மிளகு பிஸ்கோத்து மாஸ்டர்

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, ரொட்டி மாவில் தெரியும். அவள் பிசைகிற பிசையில் மேஜைக் கால் ஆடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆரோக்கியசாமியின் பேக்கரியில் அவள் இருந்த வருஷங்கள் முழுக்க அந்த மேஜை ஆடிக்கொண்டேதான் இருந்தது.

அவள் பக்கத்து அத்திப்பட்டுக் காலனிக்காரி. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தொழிற்சாலைகளோடு எஸ்டேட் வந்ததும், பேக்கரியில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தாள். மாவு பிசைகிற ஆள் பண்டிகைக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு மாவில் கை வைத்தாள், அதோடு சரி.

ஒரு தொழிற்சாலைக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியரின் மனைவிதான் சாக்லேட் கட்டியைக் கொடுத்து, பொடித் துண்டாக நறுக்கி வெண்ணெய் மாவில் கலந்து பிஸ்கோத்து சுட்டுத் தரச் சொன்னாள். சுட்டதில் ஒன்றை வாயில் போட்ட கன்னியம்மாவுக்குத் திகட்டியது. மிச்ச மாவில் மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டாள், ஒரு சிட்டிகை உப்பும். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். இன்ஜினியர் ஊர் திரும்பிய பிறகும் மிளகு பிஸ்கோத்து கடையின் கண்ணாடி ஜாடியில் தங்கிவிட்டது. எவ்வளவு மிளகு, எந்தப் பதத்தில் போடுவது என்பது அவள் கைக்கு மட்டும்தான் தெரியும்.

கடைக்கு வருகிறவர்களுக்கோ அவளைத் தெரியாது. பின்கதவால் வந்து பின்கதவால் போக வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். காலனிப் பெண் பிசைகிறாள் என்று தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம். மாஸ்டர் யார் என்று யாராவது கேட்டால், அடுப்பில் தட்டு தள்ளுகிற டேவிட்டைக் காட்டுவார். இந்த முதலாளி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முழங்கால் போடுகிற மனுஷன்தான்.

அந்த பிஸ்கோத்துக்கு நாக்கை அடகு வைத்தவள் அத்திப்பட்டு சொர்ணம். கன்னியம்மாவின் பெற்றோர் நாற்று நட்டது இவள் வீட்டு வயலில். கன்னியம்மா பேக்கரியில் இன்னும் பெருக்குகிறாள் என்றுதான் இவள் நினைப்பு. ஒரு பொங்கலுக்குக் கன்னியம்மா அதே பிஸ்கோத்தைத் தட்டு நிறைய எடுத்துப் போய், தானே சுட்டது என்று சொல்லி நீட்டினாள். சொர்ணம் தொட்டுக்கூடப் பார்க்காமல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். மறுநாள் பார்த்தால் அத்தனையும் கழுநீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்தன. அதே வாரம் சனிக்கிழமை சொர்ணம் பேக்கரியில் அரைக் கிலோ வாங்கிப் போனாள். கடைச் சரக்குக்குத் தீட்டு இல்லையாம். இப்படியொரு வெட்கங்கெட்ட சட்டத்தை எவன் எழுதினானோ, அவன் நாசமாய்ப் போக.

எழுபத்து நாலு தை மாதம் சொர்ணம் தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு நானூறு மிளகு பிஸ்கோத்து சொன்னாள். சம்பந்தி வீட்டார் அதைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். சமையல் மாஸ்டருக்கு வேட்டியும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுப்பது வழக்கமாயிற்றே, தாம்பாளத்தோடு பேக்கரிக்கே வந்துவிட்டாள். முதலாளி டேவிட்டைக் கூப்பிட்டார்.

டேவிட் தலை குனிந்தபடி கையைத் துடைத்துக்கொண்டான். நானூறுக்கும் பிசைந்த தோள்வலி கன்னியம்மாவுக்கு இன்னும் போகவில்லை. அவனை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை மாவோடு முன்கடைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நான்தாம்மா மாஸ்டரு. இத்தினி வருசமா நீங்க துன்னுகினு கீறது இந்தக் கை பெசஞ்சது."

சொர்ணத்தின் முகம் வெளுத்தது. தாம்பாளத்தை மேஜைமேல் வைத்து ஒரு விரலால் தள்ளி, எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"கையில குடுங்க, வாங்கிக்கிறேன். மேஜையா மாவு பெசஞ்சுது?"

சொர்ணம் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய் என்று ஆரோக்கியசாமி குதித்தார். இனிமேல் மிளகு பிஸ்கோத்தை முன்கடையில் நின்று தானே கொடுப்பதாகவும், ஒத்துவராவிட்டால் இன்றோடு நின்றுகொள்வதாகவும் கன்னியம்மா சொன்னாள். முதலாளி தானே மிளகு இடித்துப் போட்டுப் பார்த்ததெல்லாம் தின்றவர்களின் இருமலில்தான் முடிந்திருந்தது. வேறு வழியில்லாமல் சரி என்றார்.

சிலர் வருவதை நிறுத்தினார்கள். நாக்கைக் கட்ட முடியாதவர்கள் வந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை ரிக்‌ஷாக்காரர் துலுக்கானம் வந்து அரைக் கிலோ கேட்டார். யாருக்கு என்று கேட்டதும் எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே அவருடைய ரிக்‌ஷாவில், முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு சொர்ணம் உட்கார்ந்திருந்தாள்.

கன்னியம்மா நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். துலுக்கானம் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"கோச்சுக்காத அண்ணாத்தே. அவங்களே வந்து என் கையில வாங்கிக்கினு போவட்டும்."

அவர் போய்ச் சொன்னார். கன்னியம்மா பொட்டலத்தைக் கையில் ஏந்தியபடி நின்றாள். ரிக்‌ஷா கிளம்பிப் போயிற்று. அவள் பொட்டலத்தைப் பிரித்து, அங்கேயே, முன்கடையில் எல்லார் கண்ணெதிரிலும் நின்று, ஒரு பிஸ்கோத்தை எடுத்துத் தின்றாள்.