வேர்க்காத இடம்

கொரோனாவுக்குப் பிறகு கல்யாண மண்டபங்கள் மறுபடியும் நிரம்பத் தொடங்கிய ஆண்டு அது. ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. வில்லாபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு மண்டபத்தில், என்னோடு வேலை பார்ப்பவரின் மகளுக்குத் திருமணம். நான் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலக எழுத்தர். ஓய்வு கிடைத்தால் இந்தப் பக்கத்துத் தேவாலயங்கள், பழைய பள்ளிகள், கண்மாய் மடைகள் என்று தேடிப் போய், அடிக்கல்லில் இருப்பதைப் படியெடுத்து, எது எந்த ஆண்டு கட்டியது என்று குறித்து வைப்பேன். எதையும் மாதம், கிழமையோடு சொல்வது அப்படித்தான் பழகிப்போனது.

மனைவியை ஆராதனைக்கு அனுப்பிவிட்டு நான் மட்டும் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் சந்தனக் கிண்ணம் வைத்திருந்தார்கள். புழுக்கம் தாங்கவில்லை. அதனால் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு முழங்கைகள் வரை பூசிக்கொண்டு கடைசி வரிசைக்கு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் மேடை விளக்குக்கும் மைக்குக்கும்தான் போதுமானதாக இருந்தது. மின்விசிறிகள் நின்றதும் மொத்தக் கூட்டமும் அழைப்பிதழை எடுத்து விசிறத் தொடங்கியது.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார், என்னைவிடப் பத்து வயது குறைவு. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை வீடு தன் மனைவி வழிச் சொந்தம் என்றும் சொல்லியிருந்தார். தோளில் போட வேண்டிய துண்டை மடியில் போட்டு, வலது கையை அதற்குள் வைத்திருந்தார். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

"அண்ணே, அந்த எடம் மட்டும் ஏன் காஞ்சு கெடக்கு?" என்றார்.

குனிந்து பார்த்தேன். வலது கையில் பூசிய சந்தனம் வேர்வையில் கரைந்து மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. ஆனால் முழங்கைக்குக் கீழே, உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் அது உலர்ந்து வெடித்துப் பாளம் பாளமாக நின்றது. அந்த இடத்தில் வெளிறிய ஒரு படை இருப்பது எனக்கு முன்பே தெரியும். தேமல் என்று நினைத்து மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தேன். அது பரவவும் இல்லை, போகவும் இல்லை, அரிக்கவும் இல்லை. தொந்தரவு இல்லாத ஒன்றைப் பற்றி யார் மெனக்கெடுவார்கள்?

"அங்க மட்டும் தனியா ஃபேன் போட்டிருக்காங்க போல" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் வெளியே வரச் சொன்னார்.

பந்தி நடக்கும் கூடத்துக்குப் பின்னால், அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டி, ஒரு வாகை மரத்தடியில் நின்றோம். காய்ந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். பேனா முனையால் தொடுவேன், தொட்டது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். முதலில் மணிக்கட்டில் பட்டது, சொன்னேன். பிறகு முழங்கை மடிப்பில் பட்டது, சொன்னேன். அதன் பிறகு ஒன்றும் இல்லை. கழுவும் பாத்திரங்களின் சத்தத்தைக் கேட்டபடி நின்றிருந்தேன்.

"எத்தன தடவ தொட்டேன்?"

"ரெண்டு."

"இல்லண்ணே. இன்னும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கண்ணைத் திறந்தேன். பேனா முனை என் தோலில் அழுந்தி நின்றது. அந்தப் படை முழுக்க நீலப் புள்ளிகள்.

அப்போதுதான் அவர் தன் வலது கையைத் துண்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்தார். சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்நோக்கி மடங்கியிருந்தன. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிப் பள்ளமாகியிருந்தது. விரல் நுனிகளில் பழைய தீக்காயத் தழும்புகள். சூடான டீ கிளாஸைப் பிடித்ததும் தெரியாதாம், கொடிக்காலில் மரச் சிலாம்பு குத்தி ஏறி விரல் சீழ் வைத்ததும் தெரியாதாம்.

"எனக்கும் இப்படித்தான் ஒரு படை இருந்துச்சு. வலிக்கல. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரினு விட்டுட்டேன். அப்புறம் சுண்டுவிரல் மரத்துச்சு, வேலைக் களைப்புன்னு நெனச்சேன். விரல் மடங்குன பொறகுதான் போனேன். நோயக் குணப்படுத்திட்டாங்க. செத்துப்போன நரம்ப என்ன செய்ய முடியும்?"

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். தொழுநோய்.

அந்த நோயைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டே வளர்ந்தவன் நான். அங்கே அது எப்போதும் ஊருக்கு வெளியே நிற்கிற யாரோ ஒருவருடைய நோய். போதாக்குறைக்கு, அது ஒழிந்தே போய்விட்டது என்றும் நினைத்திருந்தேன். அதற்கென்று ஒரு காலத்தில் கட்டிய மருத்துவமனை ஒன்றின் அடிக்கல்லைப் படியெடுத்து, அது எத்தனை பழையது என்று பெருமையாக நாலு பேரிடம் சொன்னவன் நான்.

அவர் என் சுண்டுவிரலைப் பற்றிக் கேட்டார். சில மாதங்களாகவே அது மரத்துப்போவதும், உள்ளே எறும்பு ஊர்வதுபோல் இருப்பதும் உண்டு. மேசையில் முழங்கையை ஊன்றி எழுதுவதால் என்று நினைத்திருந்தேன். பீரோ சாவியைத் திருப்புவதற்கு இடது கையையும் துணைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்குப் பூட்டைத்தான் குறை சொல்லியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவியின் அண்ணன், "மாப்ள, பந்தியில எடம் புடிச்சு வச்சிருக்கேன், இங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்து நின்றார். மாமனார் வீட்டில் எல்லோரிடமும் பம்புசெட் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டதாகத்தான் சொல்லி வைத்திருப்பதாகக் கொடிக்கால்காரர் சற்று முன்புதான் என்னிடம் சொல்லியிருந்தார். பேச்சை அப்படியே மாற்றியிருக்கலாம். அவர் மாற்றவில்லை. கையைத் துண்டுக்குள் வைக்கவும் இல்லை.

"இது தொழுநோயால வந்த கைண்ணே. உங்க கை இன்னும் நேராத்தான் இருக்கு. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றார், மச்சான் காதில் விழும்படியாகவே.

நான் பந்திக்கு உட்காராமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று சாயங்காலம் வரை ஒத்திகை பார்த்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. கையில என்ன பேனாக் கிறுக்கல் என்று அவளே கேட்டுவிட்டாள். சொன்னேன். தொடக்கப் பள்ளி ஆசிரியை அவள், எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். என் கையைப் பிடித்துத் திருப்பி அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். பிறகு, "காலைல லீவு சொல்லுங்க. நானும் வாரேன்" என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு நான் பரணிலிருந்து பழைய தட்டு ஒன்றை எடுத்துக் கழுவிக்கொண்டு, தள்ளி உட்கார்ந்தேன். "இந்த நாடகமெல்லாம் வேணாம். இங்க வந்து சாப்பிடுங்க" என்று அந்தத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த மருத்துவர் இளம்பெண். பஞ்சுத் திரியால் தொட்டுப் பார்த்தார். முழங்கை எலும்புக்குப் பின்னால் விரல் வைத்து உருட்டினார், அங்கே ஒரு நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. பிறகு ஓ.பி. சீட்டை என் மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இடது கையில் வைத்தபோது அவர் இழுத்தும் சீட்டு வரவில்லை. வலது கையில் வைத்தபோது, என் பலம் முழுவதையும் திரட்டிப் பிடித்ததாகத்தான் நினைத்தேன். சீட்டு சும்மா வைத்திருந்ததுபோல் நழுவி வந்துவிட்டது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுதிப் பிழைக்கும் கை அது.

எத்தனை நாளாக உணர்ச்சி இல்லை என்று மருத்துவர் கேட்டார். யார் எந்தக் கட்டடத்துக்கு எந்த மாதம் கல் வைத்தார்கள் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் கையில் ஓர் இடம் எப்போது வேர்ப்பதை நிறுத்தியது என்று தெரியவில்லை. யாருக்குமே தெரியாது என்றார் அவர். வலி வந்தால் வந்த நாளைச் சொல்லலாம், உணர்ச்சி போகும்போது சொல்லிக்கொண்டா போகிறது? இந்தக் கிருமி தோலையும் அதை ஒட்டி ஓடும் நரம்புகளையும்தான் பிடிக்கும் என்று விளக்கினார். நரம்பு வீங்கி நசுங்கத் தொடங்கியதும் முதலில் அந்த இடத்தில் வேர்வையும் உணர்ச்சியும் போகும், பிறகு பலம் போகும். அப்படியே விட்டால் விரல் மடங்கிவிடும், தெரியாமல் படும் காயங்கள் புண்ணாகி விரலையே தின்றுவிடும் என்றார்.

"என் கை?" என்று கேட்டேன்.

"படை இருக்கிற எடத்துல உணர்ச்சி முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாது சார். விரல் பலம் இப்பதான் குறைய ஆரம்பிச்சிருக்கு. அதைப் பெரும்பாலும் மீட்டுரலாம். இன்னும் கொஞ்ச மாசம் விட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்குக் கிடைத்த ஆறுதலை எழுதிக்காட்ட முடியாது. வெளியே வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் ஆளுக்கொரு டீ குடித்தோம். கிளாஸை இடது கையில் பிடிங்க என்று மட்டும் அவள் சொன்னாள்.

ஒரு வருடம் மாத்திரை, அட்டை அட்டையாக, இலவசமாகவே தந்தார்கள். நரம்பு வீக்கம் வற்ற வேறு மாத்திரை, அதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். மருந்து தொடங்கிவிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றாது, தட்டு தம்ளரைத் தனியாக வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதும், மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவளையும் மகனையும் பரிசோதித்து, முன்னெச்சரிக்கையாக ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தார்கள். என் தோல் கொஞ்சம் கறுத்தது. வெயிலில் கல்வெட்டு தேடி அலைகிறான் என்று ஊர் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. தினமும் விரல் பயிற்சி செய்தேன். தை பிறப்பதற்குள் சாவி ஒரே கையால் திரும்பியது.

மருந்து முடிந்த மறு வருடம், ஐப்பசியில், பெண் வீட்டாரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு சோழவந்தானுக்குப் போனேன். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு என் கையைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு மச்சான் எதிரில் சொன்னதால் உங்களுக்குச் சங்கடமாகிவிட்டதா என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் முக்கியமாகப் போனேன்.

"ஒரு வாரம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் ஒருநாள் ராத்திரி தனியா வந்து, சட்டையக் கழட்டிட்டு, முதுகுல ஒரு படை இருக்கு மாப்ள, பேனா இருக்கானு கேட்டாரு. பார்த்தா வெறும் தேமல். அம்புட்டுப் பயம் மனுசனுக்கு." அவருக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

கிளம்பும்போது, மடங்கிய அந்தக் கையை நீட்டி, "எங்க, அமுக்குங்க பாப்போம்" என்றார். பிடித்தேன். "நல்லா அமுக்குங்க" என்றார். சுண்டுவிரலையும் சேர்த்து இறுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பிடியில் தன் விரல்கள் வெளுத்ததைக் கண்டதும்தான் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியாதுல்லண்ணே, பார்த்துத்தான் சொல்லணும். பலம் வந்துருச்சு" என்றார்.

அவருடைய விரல்களின் கரடுமுரடும் சூடும் என் விரல்களுக்கு நன்றாகத் தெரிந்தன. எனக்கு அது தெரியும்படி செய்தவருக்கு என் பிடி தெரியவில்லை என்பதை, இன்றைக்கும் எந்தக் கையைக் குலுக்கினாலும் ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.