எடுத்த பல்லும் கேட்காத கேள்வியும்

போன சனிக்கிழமை பல் டாக்டரின் பெஞ்சில்தான் கழிந்தது. எனக்குப் பல்வலி எதுவும் இல்லை. நாசரேத்தில் வாத்தியாராக இருக்கும் என் மச்சான் சாமுவேல், மகள் கிரேஸின் துருத்திய முன்பற்களுக்குக் கம்பி போட தூத்துக்குடிக்கு வந்திருந்தார். உள்ளூரில் இருந்துகொண்டு கூடப் போகாவிட்டால் எப்படி? புதுத் துறைமுகத்து லாரிகள் கிளப்பும் புழுதியை விழுங்கிக்கொண்டு போனேன்...

முந்தின வாரம்தான் மேல்வரிசையில் இரண்டு பல் எடுத்திருந்தார்கள். சொத்தையா? இல்லை. எலும்பையே கடிக்கிற நல்ல பற்கள்! முன்பல் உள்ளே போக இடம் வேண்டுமாம். டாக்டர் இதை மச்சானிடம் இங்கிலீஷில் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார். மச்சானும் எழுந்து நின்று, "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி டாக்டர்" என்றிருக்கிறார். பெரிய படிப்பு படித்தவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. கிரேஸிடம் யார் சொன்னார்கள்? ஊசி போட்ட பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரியும். பாவம், வாரம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.

இதே மச்சான் மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். உடன்குடிக் கருப்பட்டியை உடைத்து நாக்கில் வைத்த பிறகுதான் விலையே கேட்பார். டாக்டர் முன்னால் மட்டும் நாம் வாய் திறப்பது பல்லைக் காட்டத்தான். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, சார்.

இந்தத் தடவை கீழ்வரிசையில் இரண்டு. டாக்டர் ஊசியோடு வந்தார். கிரேஸ் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏளா, வாயத் தொற... டாக்டர் நிக்காரு பாரு!" என்றார் மச்சான்.

அவள் கையால் வாயை மறைத்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டாள். "இதையும் எடுத்துதான் ஆகணுமா? எடுக்காட்டா என்ன ஆகும்?"

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "போன வாரம் யாரும் ஒண்ணும் கேக்கலியே..." என்று மச்சானைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கினார். எடுக்காவிட்டால் கீழ்வரிசை கொஞ்சம் கோணலாகவே நிற்கும். எடுத்தால் அந்தப் பல் திரும்ப முளைக்காது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லி முடிக்க, ஊசி போட்டு ஈறு மரத்துப்போகிற நேரம்கூட ஆகவில்லை.

"யோசிச்சு அடுத்த வாரம் சொல்லுதேன் டாக்டர்" என்று அவள் நாற்காலியை விட்டு இறங்கிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டு வரை மச்சான் எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். நாசரேத் பஸ்ஸில் ஏறும்போதுதான் வெடித்தார். "அவரு முன்னால என் மானமே போச்சுளா!"

கிரேஸ் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"போனது எம் பல்லுப்பா."