அண்ணி விழுங்கிய சளி மாத்திரை

பிள்ளை பெற்ற பிறகு என் சட்டை ஒன்றுகூட எனக்குச் சேரவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால், எல்லாமே தையல் பிரித்துப் பெரிதாக்கி, பழையபடி மடித்து வைத்திருந்தது. வீட்டில் தையல் தெரிந்தவர், நான் அண்ணி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரின் அக்கா ஒருவர்தான். அண்ணி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த அண்ணிக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும். முகம் வெளுத்து வேர்வை கொட்டும், தலை பிளக்கும்.

"கோபக்காரிக்கு ரத்தக் கொதிப்பு வராம பின்ன என்ன வரும்?" என்பார் என் வீட்டுக்காரர்.

பெரிய டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில், கொதிப்பை ஏற்றிவிடும் கட்டி இருக்கலாம் என்றார். கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றினால் அது கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளுமாம், மறுநாள் கேமராவில் தெரியுமாம். இடம் தெரியாமல் கத்தி வைக்க முடியாது. அதற்குள் கொதிப்பு ஒரேயடியாக ஏறினால் ஆளே போய்விடுவார்.

ஊசி அறையில் டெக்னீசியன் கேட்டார்: "சளி மாத்திரை, மூக்குல விடுற மருந்து ஏதாவது எடுத்தீங்களாம்மா?"

"இல்லப்பா" என்றார் அண்ணி.

காலையில் அவர் ஒன்றை விழுங்கியதை நான் பார்த்திருந்தேன். மறுநாள் கேமராவுக்கு அடியில் தும்மினால் படம் கலங்கிவிடும் என்று அவருக்குப் பயம். சொன்னால் தேதி தள்ளிப்போகும், அதற்குள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடவுளை நினைத்துக்கொண்டு, "எடுத்தாங்க தம்பி" என்றேன்.

டெக்னீசியன் ஊசியைக் கீழே வைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. அந்த மாத்திரை உடம்புல இருந்தா இந்த மருந்து சரியா ஒட்டாது. இருக்கிற கட்டிய இல்லேன்னு காட்டிடும்."

"போட்டுக் கொடுத்துட்டியே" என்றார் அண்ணி. தேதி தள்ளிப்போனது.

காத்திருந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவர் தையல் மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். கை பனிக்கட்டியாகச் சில்லிட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். படபடப்பு மெல்ல அடங்கியது.

மறுபடி ஊசி போட்டுப் படம் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்துக்கு மேலே கறுப்பாக ஒரு பொட்டு. டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். நான் அண்ணியைப் பார்த்தேன், அண்ணி பக்கத்தில் நின்ற தன் தம்பியை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

கட்டியை எடுத்த பிறகு படபடப்பு வரவில்லை. அண்ணி வெளியூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். சில வருடம் கழித்து அங்கேயே தூக்கத்தில் ஆண்டவனிடம் சேர்ந்தார். நான் கடைசியாகப் பார்த்தது பஸ் ஏற்றிவிட்டபோதுதான். ஜன்னல் வழியே சொன்னார்:

"என்னப் பத்தி யாராவது கேட்டா, கோபம் இல்ல, கட்டிதான்னு சொல்லு. உன் வீட்டுக்காரன் கேட்டா மட்டும், கோபம் இன்னும் பத்திரமா இருக்குன்னு சொல்லு."