டர்னிப் சாறும் அண்ணனின் கால்விரலும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதினி போன் செய்தாள். "ஒங்கண்ணனுக்குக் கால்ல புண்ணு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்குறாக. நீ வந்து கேளு." அண்ணனுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். மறுநாளே அவர்கள் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குக் கிளம்பினேன்.

மதுரையில் காலை 6.40க்கு பஸ். அருப்புக்கோட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஐம்பது ரூபாய். பையில் இரண்டு கிலோ டர்னிப், முள்ளங்கி மாதிரி உருண்டையான காய். சர்க்கரைக்கு நல்லது என்று அண்ணன் கேட்டதால் இரண்டு மாதமாக நான்தான் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கரிசல் பக்கம் அது விளையாது. கடையில் கேட்டால் நூக்கலை எடுத்து நீட்டுவார்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். டிரைவர் பையை எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, முள்ளங்கியா?"

"டர்னிப்புங்க."

"சுகருக்கா? எங்க தெருவுலயும் ஒருத்தரு வீடியோ பாத்துட்டு இதத்தான் குடிக்காரு. மாத்திரையவே நிப்பாட்டிட்டாரு."



ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன். "அண்ணே, மாத்திரை போடுறியா?"

"அதான் சாறு குடிக்கேன்ல. தொண்ணூறு நாள்ல சுகரு போயிரும்னு வீடியோவுல சொன்னான்."

காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தேன். சுண்டுவிரல் கறுத்து, நாற்றமடித்தது.

"வலிக்கவே இல்லத்தா."

"வலிக்காததுதாண்ணே ஆபத்து! எவனோ சொன்னான்னு மாத்திரைய நிப்பாட்டுவியா?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"நீயுந்தான வாங்கி அனுப்புன?" என்றார்.

மதினியும் நானும் இழுத்து ஏற்ற, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தனி ஆட்டோ, முந்நூறு ரூபாய். "பத்து நாளுக்கு முன்னாடி வந்திருந்தா விரல் தப்பியிருக்கும்," என்றார் டாக்டர். மறுநாள் விரலை எடுத்தார்கள். பாதம் பிழைத்தது.

டர்னிப் மேல் எனக்குக் கோபமில்லை. நார்ச்சத்தும் வைட்டமின் சியும் உள்ள நல்ல காய் அது. சின்னதாகப் பார்த்து வாங்குங்கள், முற்றினால் கசக்கும். தோல் சீவிச் சாம்பாரில் போடலாம், தேங்காய் தூவிப் பொரியல் செய்யலாம், அதன் கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். சாறாக வடிகட்டினால் நார்ச்சத்தெல்லாம் சக்கையோடு குப்பைக்குத்தான் போகும். டாக்டரும் அதையேதான் சொன்னார்: "காயா தாராளமா சாப்பிடட்டும். மாத்திரையையும் போடட்டும்."

என் கோபமெல்லாம் அந்த வீடியோக்காரன் மேல். அண்ணனுக்கு நடந்ததை வீடியோவின் கீழே எழுதினேன். ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டான். வீடியோ இன்னும் ஓடுகிறது.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை பஸ்ஸைப் பிடியுங்கள். மதியம் ஷேர் ஆட்டோ அரிது, வெயிலில் நிற்க முடியாது. வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது திடீரென்று ஏதோ ஒரு காயைக் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். கூடவே, மாத்திரை போடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு மாதம் நான் கேட்கவில்லை.