பிற்பகல் அமர்வு

என் அண்ணன் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசார விழாவில் பேசிய அத்தனை பேரும் அவரை நேர்மையின் சிகரம் என்றார்கள். நான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். சிகரத்தோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். அந்தக் கஷ்டம் இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

பள்ளிக்கூடத்தில் அவர் எனக்கு ஒரு வகுப்பு மேலே. ஆசிரியர் வராத நாட்களில் இரண்டு வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, பேசுகிறவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை அவரிடம் கொடுப்பார்கள். ஒருநாள் முதல் பெயராக என் பெயரை எழுதினார். "வாய மூடு" என்று என்னை அதட்டியதற்காக அடுத்த வரியில் தன் பெயரையும் எழுதிக்கொண்டார். இருவரும் சேர்ந்து அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அன்று அம்மா வைத்த பெயர்தான் கறார். சாகும் வரை அவரை அப்படித்தான் கூப்பிட்டாள்.

சட்டக் கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஒரே நண்பர்தான் பின்னால் என் வீட்டுக்காரர் ஆனார். அண்ணன் ஒரு வார்த்தை பேச நூறு தடவை யோசிப்பார். இவர் பேசிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பார். இரண்டு பேரும் எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் புரியாத விஷயம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மின்விசிறியைப் போட்டால் காகிதமெல்லாம் பறக்கும் ஒரு சின்ன அறையில் சேர்ந்து வக்கீல் தொழிலை ஆரம்பித்தார்கள். கட்சிக்காரர் யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் ஒரு டிபன் பாக்ஸைப் பாதிப் பாதியாகச் சாப்பிட்டார்கள். என் கல்யாணத்தில் என்னைவிட அவர்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள்.

அதன்பிறகு சாயங்காலம் ஆனால் அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருப்பார். கோர்ட்டில் நடந்ததை இவர் நடித்துக் காட்டுவார். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். அண்ணியே அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டுக்கு வந்துதான் பார்த்திருக்கிறாள்.

நீதிபதியாகப் பதவியேற்ற அன்றும் சாயங்காலம் வந்தார். நான் கொடுத்த காபியைத் தொடவில்லை.

"மாப்பிள்ளை, இனிமே நான் இங்க வர முடியாதுடா. நீயும் அங்க வராத. அதே கோர்ட்ல தொழில் பண்றவன் நீ. நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"எத்தனை நாளைக்குடா மச்சான்?"

"ரிட்டயர் ஆகுற வரைக்கும்."

இவர் எழுந்து நின்று, நீதிபதி முன்னால் வணங்குவதைப் போல இடுப்பை வளைத்தார். "உத்தரவு, மை லார்ட்." விளையாட்டாகத்தான் செய்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் படியிறங்கிப் போன பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

அடுத்த வாரமே எங்கள் வாசலில் கூட்டம் சேர்ந்தது. நீதிபதியின் தங்கை புருஷன் என்று மோப்பம் பிடித்து வந்தவர்கள். இவர் ஒருவரையும் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார். கொஞ்ச காலத்தில், இவர் நடத்துகிற வகை வழக்குகளே அண்ணனிடம் போகத் தொடங்கின. சொந்தக்காரர் ஆஜராகும் வழக்கை அண்ணன் தொடமாட்டார். அது வேறு நீதிபதிக்கு மாறி, அங்கே வரிசையின் கடைசியில் நின்று, மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பழைய கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. "உங்க மச்சான் நல்லா இருக்கட்டும்" என்றேன் ஒருநாள்.

"அவன் வேற எப்படி இருப்பான், சொல்லு? வளைஞ்சு குடுத்தா அவன் கறாரே இல்லையே" என்று அதற்கும் சப்பைக்கட்டு கட்டினார். ஆனால் பொழுது சாய்ந்தால் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அண்ணன் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது இவருடைய நுரையீரல் கெட்டுப்போனது. மூச்சுத் திணறலோடு பக்கத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சேர்த்த பிறகுதான் தெரிந்தது, அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விதி மீறிக் கட்டியதாக ஒரு வழக்கு அண்ணனிடமே இருந்தது. வாதமெல்லாம் முடிந்து, தீர்ப்பு மட்டும் பாக்கி. வேறு இடத்துக்கு மாற்றினால் வழியிலேயே உயிர் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"தீர்ப்பு சொல்லாம அந்த வாசல நான் மிதிக்க முடியாதும்மா. சீக்கிரம் எழுதி முடிச்சிடறேன். சொன்ன அன்னிக்கே வந்துடறேன்னு அவன்கிட்ட சொல்லு."

சொன்னேன். "பாவம், அவனை அவசரப்படுத்தாத" என்றார் இவர். வாய்தான் அப்படிச் சொன்னது. மறுநாளைய வழக்குப் பட்டியலைக் கோர்ட் வெளியிடும் நேரம் ஆனால், மூக்கில் இருந்த குழாயை விலக்கிக்கொண்டு, "போன்ல வந்திருக்கா பாரு" என்பார். ஒரு வியாழக்கிழமை வந்திருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாகத் தீர்ப்பு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நர்ஸைக் கூப்பிட்டு முகச்சவரம் செய்துவிடச் சொன்னார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிச் சாய்ந்துகொண்டார். தீர்ப்பு சொல்லியாயிற்று, ஆஸ்பத்திரி தோற்றுவிட்டது என்று காலையிலேயே இவருடைய பழைய ஜூனியர் போன் செய்தார்.

"கிளம்பியிருப்பான்" என்றார் இவர்.

கோர்ட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காரில் வர அரைமணிகூட ஆகாது. கதவு திறக்கும்போதெல்லாம் இவர் தலையைத் தூக்கினார். ஒரு தடவை ஊசி போட வந்தார்கள். ஒரு தடவை தரையைத் துடைக்க வந்தார்கள். மதியச் சாப்பாட்டு வேளையில் போன் செய்தபோது அண்ணனின் உதவியாளர்தான் எடுத்தார். "கோர்ட் முடிஞ்சதும் நேரா அங்கதான் வர்றதா அய்யா சொல்லச் சொன்னாங்கம்மா."

இவரிடம் சொன்னேன். "சரி, சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிற்பகலில் மூச்சு நின்றுபோனது. கோர்ட் முடிந்து அண்ணன் வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். துணியை விலக்கி, சவரம் செய்த அந்தக் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பிரிவு உபசார விழாவுக்கு மறுநாள் சாயங்காலம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார். அந்த ஒரு வருடமும் எனக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குத் தீர்ப்பு சொன்ன கையோட எழுந்து வந்திருக்கலாமேண்ணா. யாரு உங்கள கேக்கப்போறா?"

"அன்னிக்கு லிஸ்ட்ல நிறைய கேஸ் இருந்ததும்மா. எங்கெங்கிருந்தோ ஜனங்க வந்து உக்காந்திருந்தாங்க. என் சொந்த விஷயத்துக்காக அவங்கள எப்படித் திருப்பி அனுப்பறது?"

நியாயம்தான். அவர் பேச்சில் நியாயத்துக்கு என்றைக்குக் குறைச்சல்? எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

"சரி, சாப்பாட்டுக்கு அப்புறம் என்னென்ன கேஸ் நடந்தது? அவர் மூச்சு போற நேரத்துல யாருக்கு நல்லது செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? அதையாவது சொல்லுங்க. கேட்டு மனசத் தேத்திக்கிறேன்."

அழப்போகிற சின்னப் பிள்ளைக்குக் கோணுவதைப் போல அண்ணனுக்கு வாய் கோணியது.

"ஒண்ணும் நடக்கலம்மா" என்றார். "வக்கீலுங்க யாருமே தயாரா வரல. எல்லாமே வாய்தா."